பாட்டில் மண்

மண்ணைக் காசு கொடுத்து வாங்கிய மனிதரை என் வாழ்க்கையில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். மனை வாங்குவதைச் சொல்லவில்லை. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பாட்டில், அதற்குள் கறுப்பாகக் கொஞ்சம் சேறு, மேலே ‘ரஷ்ய நிலத்து மண்’ என்று இங்கிலீஷில் லேபிள். ஐரோப்பாவில் இருந்து விமானத்தில் வந்தது. வந்து இறங்கிய இடம் கோவில்பட்டி. ஊரிலிருந்து எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் பத்து நிமிஷத்தில் கரிசல் காடு. மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஆளை மட்டும் அனுப்புகிற மண். திருநெல்வேலிக்கே அல்வாவா என்று கேட்பார்கள். அல்வாவாவது தின்னலாம்.

வாங்கியவர் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி. எல்லோரும் என்றால் ஐந்து பேர். பிளாஸ்டிக் கிட் வாங்கி டாங்கி, விமானம், கப்பல் என்று குட்டி குட்டியாக ஒட்டிச் சாயம் அடிக்கிற கிறுக்கர்கள், அதற்கு ஒரு வாட்ஸ்அப் குழு. நானும் அண்ணாச்சியும் கோவில்பட்டி. மற்ற மூன்று பேர் சிவகாசி, விருதுநகர், தூத்துக்குடி. நான் வீட்டு முன்னறையில் பல்செட் செய்கிற லேப் வைத்திருக்கிறேன். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், நான் பல் கட்டித் திருப்பி அனுப்புவேன். ஊரார் பல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு இந்தப் பொழுதுபோக்கு ஒன்றும் தூரமில்லை. கருவிகள் எல்லாம் அதே கருவிகள்தான்.

இதில் ஒரு தனிப் பைத்தியம் உண்டு. கிட் பெட்டிக்குள் எல்லா உறுப்பும் இருக்கும். ஆனால் அது போதாது. மட்கார்டு தடிமனாக இருக்கிறது என்று வேறொரு கம்பெனி பித்தளையில் மெல்லிசாகச் செய்து விற்கும். பீரங்கிக் குழல் பிளாஸ்டிக்காக இருக்கிறது என்று இன்னொரு கம்பெனி அலுமினியத்தில் கடைந்து விற்கும். சக்கரத்துக்கு ரெசின், சங்கிலிக்கு ஈயம். எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி, பெட்டியில் வந்த அசல் உறுப்புகளைத் தூக்கி எறிய வேண்டும். கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலையில் பார்டரை வெட்டிவிட்டு வேறு பார்டர் வைத்துத் தைக்கிற வேலை. இதில் ரெசின் உறுப்புகள் சிலவற்றில் குமிழி இருக்கும். அந்த மாதிரிக் குமிழியோடு நான் ஒரு கடைவாய்ப் பல் அனுப்பினால் டாக்டர் அதை என் மூஞ்சியில் எறிவார்.

அண்ணாச்சி இந்த உறுப்புகளைச் சேர்ப்பார். சேர்ப்பதோடு சரி. பத்து வருஷத்தில் அவர் ஒரு சைக்கிளைக்கூட ஒட்டி முடித்து நான் பார்த்ததில்லை. பார்சல் வந்தால் படம் எடுத்துக் குழுவில் போடுவார். கீழே எப்போதும் ஒரே வாசகம்: ‘இது இப்ப வருவதில்லை.’ கம்பெனி செய்வதை நிறுத்திவிட்டது, எங்கேயும் கிடைக்காது என்று அர்த்தம். எங்கள் கூட்டத்தில் ஒரு பொருளுக்கு இதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. வீடு கொள்ளாத அளவு நகை வாங்கி எல்லாவற்றையும் லாக்கரில் பூட்டிவிட்டு, கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு நடமாடுகிற பெண்களை எனக்குத் தெரியும். அவர்களையாவது மன்னிக்கலாம், நகை அவசரத்துக்கு உதவும்.

டாங்கிச் சக்கரத்தில் சேறாக அப்புவதற்கென்றே விற்கிற அந்த மண் பாட்டிலின் படம் வந்த அன்று என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ‘அண்ணாச்சி, அடுத்து தூசி எப்ப வருது?’ என்று போட்டேன். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணாச்சி கும்பிடு பொம்மை ஒன்று போட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு மேலும் ஏறியது. மதுரையில் நடக்கப்போகிற கண்காட்சிக்கு என் டாங்கி வருகிறது, அதில் இருப்பது நம்ம பக்கத்து ஊர் இடைசெவல் மண்ணாக இருக்கும், பாட்டில் மண்ணுக்கும் அசல் மண்ணுக்கும் என்ன வித்தியாசம் என்று அங்கே வந்து பாருங்கள் என்று ஊரறிய எழுதினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பதெல்லாம் அடுத்தவனுக்குச் சொல்ல வைத்திருக்கிற பழமொழிதானே.

அந்த டாங்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரஷ்யச் சேற்றில் மாட்டிக்கொண்ட ஜெர்மன் டாங்கி. கோவில்பட்டிக்காரனுக்கும் அந்தச் சண்டைக்கும் ஒரு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் இரண்டு வருஷம் உழைத்தேன். அதன் மட்கார்டு செட் ஒரு பித்தளைத் தகடு, சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற ஈயத்தாள் கனம்தான். அதுவும் இப்போது வராதது. யாரோ வெளிநாட்டுக்காரர் வேண்டாமென்று விற்றதை ஆறு மாதம் கெஞ்சி வாங்கினேன். எள்ளைவிடச் சின்னக் கொக்கிகளை மடித்து ஒட்டும்போது ட்வீசரிலிருந்து ஒன்று தெறிக்கும். நான் தரையில் நாலு காலில் ஊர்ந்து, போன் வெளிச்சத்தில் தேடுவேன். என் மனைவி என்னைத் தாண்டிப் போவாள். ஆரம்பத்தில் என்ன தேடுகிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்தாள், பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். இதற்கு முன் நான் செய்தது எதுவும் லேப் அலமாரியைத் தாண்டிப் போனதில்லை. இது ஒன்றுதான் நாலு பேர் முன்னால் வைக்கத் தகுந்தது. அது எனக்கு உறுதியாகத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இடைசெவலுக்கு வண்டியில் போனேன். என் மச்சினன் அங்கே உளுந்தும் பருத்தியும் போடுகிறவன். அவன் காட்டு மண்ணில் ஒரு கேரி பேக் அள்ளிக்கொண்டு வந்தேன். வெயிலில் காயவைத்து, இடித்து, டீ வடிகட்டியில் சலித்து, பவுடராக்கி, வெள்ளைப் பசையும் தண்ணீரும் விட்டுப் பிசைந்தேன். டீ வடிகட்டிக்காக வாங்கிய ஏச்சு தனி. சக்கரம், சங்கிலி, மட்கார்டு எல்லாவற்றிலும் தாராளமாக அப்பினேன். அடடா, என்ன அழகு. ஈரத்தில் பார்க்க ஐப்பசி மாசத்துக் கம்மாய்க்கரை மாதிரி இருந்தது. படம் எடுத்துக் குழுவில் போட்டேன். ‘பாட்டில் தேவையில்லை’ என்று கீழே எழுதினேன்.

மூன்றாம் நாள் லேப்பைத் திறந்தபோது டாங்கி வெடித்திருந்தது. குண்டு பட்டு அல்ல. மண் காய்ந்து, சுருங்கி, பாளம் பாளமாகப் பிளந்து, ஓரம் தூக்கிச் சுருண்டு நின்றது. சுருண்ட மண் சும்மா சுருளவில்லை. அடியில் இருந்த சாயத்தை உரித்து எடுத்திருந்தது. இடதுபக்க மட்கார்டு இரண்டாக மடங்கித் தொங்கியது. வலதுபக்கம் ஒட்டு விட்டுக் கழன்று, கொக்கிகளோடு கீழே கிடந்தது. நேராக்கலாம் என்று தொட்டேன், ஒடிந்துபோனது. கண்காட்சிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. நான் வாசல் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். அழுகை வந்தது. நாற்பத்தாறு வயதில் ஒரு பொம்மைக்காக அழுதேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

முதலில் பசையைத் திட்டினேன். பிறகு வெயிலைத் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். இரண்டு நாள் கழித்து மச்சினன் உளுந்து கொண்டுவந்து கொடுக்க வீட்டுக்கு வந்தான். டாங்கியைக் காட்டிப் பசை சரியில்லை என்று ஆரம்பித்தேன். அவன் டாங்கியைப் பார்த்தான். பிறகு திறந்த கதவு வழியாக எங்கள் படுக்கையறைச் சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து மேலே ஓடுகிற வெடிப்பைப் பார்த்தான். அந்த வெடிப்புக்காக நான் கொத்தனாரோடு தெருவில் நின்று சண்டை போட்டு, இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

“வீட்டுச் சொவத்தையே பொளக்குத மண்ணு அத்தான்,” என்றான். “இந்தத் தகரத்த விட்டுருமா?”

எனக்குத் தெரியாதா? கோடையில் காட்டு வெடிப்புக்குள் ஆட்டின் கால் மாட்டி ஒடிந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். தெரிந்தது எதுவும் வேண்டிய நேரத்தில் ஞாபகம் வரவில்லை. ஒருவரை மட்டம் தட்ட வேண்டும் என்ற நினைப்பு மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

அந்த மட்கார்டு செட் இன்னொன்று உலகத்தில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷம் முன்னால் குழுவில் படம் பார்த்திருக்கிறேன். போவதா வேண்டாமா என்று ஒரு முழு நாள் யோசித்துவிட்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். மாடியில் ஒரு அறை முழுக்கக் கண்ணாடி பீரோ. அண்ணாச்சி வாங்க தம்பி என்று உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். நான் டாங்கி சேதத்தைச் சொன்னேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. கடனாகத் தாருங்கள், எங்கேயாவது தேடித் திருப்பித் தருகிறேன் என்றேன். இரண்டுமே பொய் என்று இருவருக்கும் தெரியும். அது எங்கும் கிடைக்காது, ஒட்டினால் திரும்பாது.

அவர் தேடவே இல்லை. நேராக இரண்டாவது பீரோ, மூன்றாவது தட்டில் கையை வைத்து எடுத்தார். அப்படியே பிரிக்காத கவர். கொடுக்கமாட்டார், கையில் வைத்துக்கொண்டு அதன் அருமையை அரை மணி நேரம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கத்தரிக்கோலை எடுத்து ஓரத்தை நறுக்கென்று வெட்டினார். எனக்குத்தான் பகீரென்றது.

“ஒட்டுறவியளுக்குத்தான் இதெல்லாம் தம்பி,” என்றார். “எனக்கு ஒட்ட வரல. பத்து வருஷத்துல ஒருத்தரும் வந்து கேக்கல.”

கிளம்பும்போது அந்த மண் பாட்டிலையும் எடுத்துப் பையில் வைத்தார். வேணும்னா போடுங்க, வேண்டாம்னா விடுங்க என்றார். நான் எழுதிய கேலியைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பதிலுக்கு ஏதாவது சொல்லிக் கணக்கை நேர் செய்திருப்பேன்.

லேப் வேலையைத் தள்ளிப்போட்டு, காத்திருந்த கிழவர்களைப் பொக்கை வாயோடு இன்னும் ஒரு வாரம் கஞ்சி குடிக்க வைத்துவிட்டு, டாங்கியைச் சரி செய்தேன். பாட்டில் மண்ணைப் போட்டேன். அது வெடிக்கவில்லை. சுருங்கவில்லை. காய்ந்த பிறகு அசல் கரிசலாகவே இருந்தது, கரிசலின் குணம் மட்டும் இல்லை. அது அவ்வளவு நன்றாக இருந்ததில் எனக்குக் கோபம்தான் வந்தது.

மதுரைக்கு அண்ணாச்சி காரிலேயே போனோம். டாங்கிப் பெட்டியை என் மடியில் வைத்துக்கொண்டேன். மண்டபத்தில் நீள மேஜைகளில் நூறு உருப்படிக்கு மேல் இருந்தது. சட்டைப்பையில் பூதக்கண்ணாடி வைத்திருந்த ஒரு நடுவர் என் டாங்கி முன்னால் குனிந்து வெகுநேரம் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். கோவில்பட்டி என்றேன்.

“அதான பார்த்தேன்,” என்றார். “இந்த மண்ணை எந்தப் பாட்டில்லயும் வாங்க முடியாது சார். உங்க ஊர் மண்ணுதான?”

அண்ணாச்சி என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் ஆமாம் என்றேன்.

நடுவர் இவர் யாரென்பது போல அண்ணாச்சியைப் பார்த்தார். “ஆமா சார்,” என்றார் அண்ணாச்சி. “இவிய மச்சினன் காட்டு மண்ணு.”

இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். திரும்பும் வழியில் சாத்தூரில் அண்ணாச்சி டிரைவரை நிறுத்தச் சொல்லிச் சேவு வாங்கி, ஒரு பொட்டலத்தை என் பிள்ளைகளுக்கு என்று கொடுத்தார். நன்றி என்று மட்டும் சொன்னேன். அது சேவுக்குச் சொன்னது போலத்தான் இருந்தது. அதற்குள் குழுவில் சிவகாசிக்காரர் பரிசுப் படத்தைப் போட்டு, ‘அண்ணாச்சி, பாட்டில் மண்ணை எங்க ஊத்துனீங்க? ஊர் மண்ணு ஜெயிச்சிருச்சு’ என்று கேட்டிருந்தார். முன்சீட்டில் அண்ணாச்சி போனைப் பார்ப்பது தெரிந்தது. கைதட்டுகிற பொம்மை ஒன்று வந்தது. நான் பதில் எழுதினேன், அழித்தேன். சிந்தாமல் சேவு தின்பதில் கவனமாக இருந்தேன்.

காலிப் பாட்டில் இன்னும் லேப் மேஜையில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பதால் இருக்கிறது. ஒரு வருஷம் ஓடிவிட்டது. போன வாரம் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் என்னைக் கேட்டார். மூன்று வருஷமாக ஒரு டாங்கி செய்கிறாராம். என் பரிசுப் படத்தைப் பார்த்தாராம். ஞாயிற்றுக்கிழமை இடைசெவலுக்கு வந்து அந்த மண்ணில் ஒரு கை அள்ளிக்கொள்கிறேன், எந்தக் காடு என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். மற்றவர்கள் கட்டைவிரல் காட்டினார்கள். அண்ணாச்சி படித்துவிட்டார் என்று தெரிந்தது. எனக்காகக் காத்திருந்தார்.

அந்தப் புதியவருடைய மூன்று வருஷம் வெடித்துவிடக் கூடாது. உண்மையைச் சொல்ல எனக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. லேப் வாசலில் நின்று எழுதினேன். எதிரே ரோட்டில் போன டிராக்டரின் சக்கரத்திலிருந்து கரிசல் கட்டி கட்டியாக உதிர்ந்துகொண்டே போனது.

‘அந்த மண் இப்ப வருவதில்லை’ என்று எழுதி அனுப்பினேன்.

அண்ணாச்சி கைதட்டினார்.