தைலப் பெட்டிக்குக் கிடைத்த இடம்

கொடைக்கானலுக்குக் காரில் மாட்டும் குழந்தை சீட்டை எடுத்துப்போவதா வேண்டாமா என்று கிளம்புவதற்கு முதல் நாள் வீட்டில் பெரிய வாக்குவாதம். நாத்தனார் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. "ரெண்டு நாளைக்கு எதுக்கு இந்தச் சுமை?" என்றார் கணவர். நான்தான் பிடிவாதமாக வாடகைக் காரில் மாட்டவைத்தேன்.

மலையேறும்போது ஒன்றரை வயது மகள் அதில் சமர்த்தாக இருந்தாள். இறங்கும்போது ஒரே அழுகை. மடியில் வைத்துக்கொண்டேன். காலியான சீட்டில் கணவர், கொடைக்கானலில் வாங்கிய யூகலிப்டஸ் தைலப் பாட்டில் பெட்டியை வைத்து பெல்ட்டை மாட்டினார்.

"உருண்டா உடைஞ்சிரும்ல."

டிரைவர் விளக்கைப் போட்டார். "மிஸ்ட் எறங்குதுக்கா. பிள்ளைய இறுக்கிப் பிடிச்சுக்கங்க. வளைவுல காட்டுமாடு நிக்கும்."

இறுக்கித்தான் பிடித்திருந்தேன். பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில் பனிக்குள் கறுப்பாக ஏதோ அசைந்தது. பிரேக் கிறீச்சிட்டது. என் கைகளுக்குள் குழந்தை இல்லை. முன்சீட்டில் மோதிக் காலடியில் கிடந்தாள். அழவில்லை. காட்டுமாடு எங்களைப் பார்த்துவிட்டு, நிதானமாகப் பனிக்குள் போனது. அதன் பிறகுதான் அவள் அழுதாள்.

அவள் நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு வீடு திரும்பினோம். பெட்டியைப் பிரித்தால், ஒரு பாட்டில்கூட உடைந்திருக்கவில்லை.

மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். எங்காவது தைல வாசனை வந்தால், என் கை தானாக அவளைத் தேடுகிறது.