சக்கரம் சிக்கவில்லை

நான் கேட் செய்கிறவன். ஜன்னல் கம்பி, படிக்கட்டுக் கைப்பிடி, கேட், இதுதான் பிழைப்பு. என் வெல்டிங் விட்டுப்போச்சு என்று எவனும் இதுவரை பட்டறை வாசலுக்கு வந்ததில்லை. ஆனால் ஊர் முழுக்க ஒரு பேச்சு உண்டு. என் அக்கா நாட்டுக் கொடியோடு விளையாட்டு அரங்கத்துக்குள் வந்தபோது சக்கர நாற்காலி சிக்கி நின்றுவிட்டதாம், தம்பிக்காரன் செய்த வேலையின் லட்சணமாம். வருஷக்கணக்காகக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சக்கரம் சிக்கவில்லை.

அக்காவுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் காலிரண்டும் போய்விட்டன. வாய் போகவில்லை. பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்பு செய்கிறவள் அவள்தான். "மூணாவது நடைமேடையில பெட்டி மேல தலைவச்சுத் தூங்குற அண்ணே, உங்க வண்டி கிளம்புது" என்று முன்பின் தெரியாதவனையும் எழுப்பி அனுப்புவாள். வேலை முடிந்தால் மைதானம். உட்கார்ந்தபடியே குண்டு எறிவாள். அந்தக் கைதான் அவளை வெளிநாட்டுப் போட்டி வரைக்கும் கொண்டுபோனது.

தொடக்க விழாவில் கொடி பிடிக்க அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். அணி மேலாளர், நீ கொடியைப் பிடித்துக்கொள், நான் தள்ளிக்கொண்டு வருகிறேன் என்றாராம். நானே போய்க்கொள்கிறேன் என்றிருக்கிறாள். ஒரு கையில் கொடி, இன்னொரு கையால் ஒரு சக்கரத்தை மட்டும் தள்ளினால் செக்குமாடு மாதிரி அங்கேயே சுற்றுவாய் என்று சிரித்தாராம். நேரே என் பட்டறைக்கு வந்தாள்.

"பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போனீங்க, சரி. கொடியோட போறப்பவும் நான் மூட்டையாடா?"

முதலில் கொடிக்கம்பைச் செருக வலது சக்கரத்துக்குப் பின்னால் ஒரு குழாயைப் பற்றவைத்தேன். அம்மாவின் போர்வையைக் கம்பில் கட்டிச் செருகி, பட்டறைக்கு முன்னால் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். லாரி ஒன்று கடந்த காற்றில் போர்வை உப்பியது, நாற்காலி சாய்ந்தது, அக்கா தாரில் விழுந்தாள். முழங்கை தேய்ந்து ரத்தம். கம்பை மட்டும் உருவி, தரையில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். அம்மா கத்தியது மகளுக்காகவா போர்வைக்காகவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"கொடி விழல பாத்தியா, நான்தான் விழுந்தேன். குழாயை நடுவுக்குக் கொண்டு வா."

அறுத்தெடுத்து, முழங்கால்களுக்கு நடுவே, கால்பலகைக்கு மேலே பற்றவைத்தேன். கம்பு நிமிர்ந்து நின்றது. இரண்டு கையும் சக்கரத்துக்கு மிச்சம். அடிக்கிற காற்றில் தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பினாள்.

விழாவைப் பட்டறை டிவியில் பார்த்தோம். அக்கா முன்னால் கொடியோடு வந்தாள், அணி பின்னால். கேமராக்காரர்கள் குவிந்திருந்த மேடைக்கு நேரே வந்ததும் மேலாளர் வரிசையை விட்டு ஓடிவந்து, நாற்காலியின் பின்பிடி இரண்டையும் பற்றிக்கொண்டார். அக்கா சக்கரங்களை இறுக்கிப் பிடித்து நிறுத்திவிட்டாள். அவர் தள்ளிப் பார்த்தார். குண்டு எறிகிற கை, நகருமா? மொத்த அணியும் நின்றது. சக்கரம் ஏதோ சிக்கிவிட்டது போலிருக்கிறது என்றான் டிவிக்காரன். அக்கா திரும்பாமலே உதட்டை அசைத்தாள். அவர் கையை எடுத்தார். வண்டி கிளம்பியது.

என்ன சொன்னாய் என்று ஊருக்கு வந்ததும் கேட்டேன். "நீங்க கையை எடுக்கிற வரைக்கும் கொடி இங்கேயேதான் நிக்கும் சார்னேன். அறிவிப்பு மாதிரி, மரியாதையாத்தான்."

பேப்பரில் வந்ததோ அவர் பிடித்திருந்த அந்த நொடி. சிக்கிய சக்கரத்துக்குக் கைகொடுத்த மேலாளர் என்று கீழே எழுத்து. அதைப் பெரிதாக்கி விளையாட்டு அலுவலக வாசலில் மாட்டியும்விட்டார்கள். அக்கா சொன்ன மறுப்பை எவனும் போடவில்லை. அடுத்த முறை கொடி வேறொருவர் கைக்குப் போனது.

இந்த முறை அணியில் இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து, அக்காதான் பிடிக்க வேண்டும் என்று நின்றுவிட்டார்களாம். மேலாளர் அதே ஆள். நேற்று நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். குழாயைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. இதில் எனக்கு வேலையே இல்லையே என்றேன்.

"குழாய்க்கு வரலடா. பின்னாடி இருக்கிற ரெண்டு பிடியையும் அறுத்து எடு."

பஸ்ஸில் ஏற்றும்போது நான் எதைப் பிடிப்பது என்று கேட்டேன்.

"முன்னால வந்து என் மூஞ்சியப் பாத்துக் கேளு, எங்க பிடிக்கணும்னு நான் சொல்றேன். இப்ப அறு."