தம்பி போட்ட இரண்டாவது தண்டவாளம்

என் தம்பி கொட்டாஞ்சேனையில் பிறந்து, துறைமுகத்தில் கட்டட வரைபடங்கள் வரைபவராக வேலை செய்து, பிறந்த வீட்டிலேயே கண்மூடினார். அப்பா இறந்தபோது நான் புகையிரதப் பகுதி வேலையோடு வெளியூரில் இருந்தேன். வீட்டைத் தாங்கியவர் தம்பிதான். அவருடைய நற்குணங்களைப் பிள்ளைகள் இந்த நினைவு மலரில் எழுதியிருக்கிறார்கள். மூத்தவனான நான் எழுத வேண்டியது வேறொன்று.

ஓய்வு பெற்றபின் தம்பி மேல்மாடி அறையில், பலகை மேசைகளின் மேல், பழைய களனிவெளிச் சிறு ரயில் பாதையை, நிலையங்களோடும் வண்டிகளோடும் அப்படியே பொம்மை அளவில் கட்டினார். சனிக்கிழமைகளில் நண்பர்களோடு அந்தக் காலத்து நேரசூசிப்படி வண்டி ஓட்டுவார். அது ஒற்றைத் தண்டவாளப் பாதை. எதிரெதிரே வரும் வண்டிகள், இரண்டாவது தண்டவாளம் உள்ள நிலையத்தில் மட்டுமே விலகிப் போகலாம். அப்படி ஒரு நிலையத்தில் நான் இளவயதில் நிலைய அதிபராக இருந்தேன்.

ஒருநாள் தம்பி வெள்ளவத்தையில் என் வீட்டுக்குத் தேடி வந்தார்.

"அண்ணா, பின்னேர வண்டி ரெண்டும் உங்கட ஸ்டேசன்லதானே கிராஸ் பண்ணினது?"

"ஆர் உன்னைக் கேக்கச் சொன்னது?"

"ஒருத்தருமில்லை. வண்டி ஓட்டவெல்லோ வேணும்!"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நிலையத்தில் இருந்த காலத்தில் ஒரு பின்னேரம் நான் கடமையை விட்டுப் பக்கத்து வீட்டில் கரம்போர்ட் விளையாடப் போனேன். சிக்னல் கொடுக்க ஆளில்லாமல், கொழும்புக்கு வந்த வண்டி நிலையத்துக்கு வெளியே அரை மணி நேரம் நின்றது. தாமதத்துக்கு வண்டியின் பின்பெட்டியில் வரும் கார்ட்தான் காரணம் என்று பதிவேட்டில் எழுதினேன். அவர் மறுத்தார், யாரும் நம்பவில்லை. அவரைத் தூர இடத்துக்கு மாற்றினார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகு தம்பி அதைத்தான் தோண்டுகிறார் என்று நினைத்து, என் நிலையத்தின் பேச்சே வராதபடி ஒரு பொய் சொன்னேன்.

"என்ட ஸ்டேசன்ல இல்லை. அதுக்கு முந்தின ஸ்டேசன்ல."

"அங்க ஒரு லைன்தானே, அண்ணா?"

"அங்க வேலை செய்தது நீயோ நானோ?"

தம்பி வேறு என்னதான் அறிந்திருக்கிறார் என்று பார்க்க ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். மேலே மாளிகாவத்தை நண்பர் பாரூக்கின் குரல் கேட்டது. படியிலேயே நின்றேன்.

"மச்சான், நீ புதுசாப் போட்ட லைன் பிழை. அந்த எடத்துல ரெண்டாவது லைன் ஒருநாளும் இருக்கல்ல."

"அண்ணா அந்தப் பாதையில வேலை செய்த மனுசன். அவர் சொன்னா சரி."

"ஒங்கட அண்ணனுக்கு மறதி வந்திட்டுது போல!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் நிற்பது தெரிந்தே பேசுகிறார்கள் என்று எண்ணித் திரும்பிவிட்டேன். கடைசியாக, வீட்டுக்குக் கூட்டிவருமுன் ஆஸ்பத்திரியில், "எப்ப வந்து வண்டி ஓட்டுறீங்க, அண்ணா?" என்று கேட்டார். அதிலும் ஏதோ சூழ்ச்சி இருப்பதாகவே பட்டது.

அடக்கம் முடிந்த வாரம் அவருடைய கோப்புகளைத் துருவினேன். ஒவ்வொரு நிலையத்துக்கும் படமோ வரைபடமோ கடிதமோ ஆதாரமாக இருந்தது. நான் பொய்யாகச் சொன்ன அந்த முந்தின நிலையத்துக்கு மட்டும் ஒரு துண்டுக் காகிதம்: "அண்ணா சொன்னது." கார்ட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

தம்பியைக் கடைசிவரை பராமரித்த பிள்ளைகளுக்கும், தாதிமாருக்கும், இன்றைய திருப்பலிக்கு வந்த உங்களுக்கும், சனிக்கிழமைகளை விடாத நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. பாரூக்கிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கேட்டார்:

"அப்ப அந்த லைனக் கழட்டுறதா, ஐயா?"

"ஓம், கழட்டுங்கோ."

கார்ட் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அவருடைய பிள்ளைகள் இருக்குமிடம் யாருக்காவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். பொய் எழுதியவன் நான்தான் என்று அவர்களிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.