உப்பு பார்க்கிறவள்

ஊரே அவளை நாக்கு அக்கா என்றுதான் கூப்பிட்டது. வம்பளக்கும் நாக்கு என்று நினைத்துவிடாதீர்கள். வம்புக்கு அந்த வீட்டில் வேறு ஆள் இருந்தாள், அவளுடைய ஓரகத்தி. அவளிடம் பிறகு வருவோம். இவளுடையது உப்பு பார்க்கிற நாக்கு.

தக்காளி அடிமாட்டு விலைக்குப் போன வருடம், பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று ஜனங்கள் அதை மூட்டை மூட்டையாக ரோட்டோரம் கொட்டினார்கள். வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. ஏற ஆளில்லை என்று பஸ்காரன் வருவதையே நிறுத்திவிட்டான். அப்போதுதான் நாக்கு அக்காவும் ஊரில் மிஞ்சியிருந்த பெண்களும் பாழாய்க் கிடந்த குடோனைத் திறந்து, ஒட்டடை அடித்து, அண்டாவை ஏற்றி, தக்காளி சாஸ் காய்ச்ச ஆரம்பித்தார்கள். இவளுகளுக்கெல்லாம் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று சிரித்தவர்களே இன்றைக்கு அங்கே பாட்டிலுக்கு மூடி போடுகிறார்கள். பஸ் மறுபடி வருகிறது. டீக்கடை திறந்துவிட்டது. நகரத்தில் எவனுக்கோ லாரி ஓட்டிக்கொண்டிருந்த நாக்கு அக்காவின் மகன், பெட்டி படுக்கையோடு திரும்பி வந்து சாஸ் வேனை ஓட்டுகிறான்.

இத்தனையும் நின்றது அவள் நாக்கு நுனியில். தக்காளி என்ன, அச்சில் வார்த்ததா? மழைக்குப் பறித்தது சப்பென்றிருக்கும், வெயிலில் காய்ந்தது புளிக்கும். அளவை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாலும், கடைசியில் அவள் ஒரு சொட்டை வாயில் வைத்து, "ம், இறக்குங்க" என்றால்தான் அண்டா இறங்கும்.

அந்த நாக்குதான் ஒரு காய்ச்சலில் செத்துப்போனது. சர்க்கரையும் மண்ணும் ஒன்றாகத் தெரிந்தன. டாக்டரிடம் ஓடினாள். "வந்தாலும் வரும், வராமலும் போகும்" என்றார் அவர். இதைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டுமா? வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? சாஸை மொத்தமாக வாங்குகிற நகரத்துக் கடை முதலாளி விலகுவார், அண்டா கவிழும், மகன் மறுபடி பெட்டியைத் தூக்குவான். அவன் வேனைக் கிளப்பும் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆனால் அண்டா தினமும் கொதிக்கிறதே! அதற்கு அவள் கண்டுபிடித்த வழிதான் ஓரகத்தி. இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். ஓரகத்தி கல்யாணமாகி வந்த புதிதில் செய்த முதல் சமையலை, "இதை மாட்டுக்கு வை" என்று இவள் எல்லார் முன்னாலும் சொன்னதிலிருந்து வந்த பகை. ஆனால் மனதில் இருப்பதை முகத்தில் மறைக்கத் தெரியாதவள் ஓரகத்தி. அதுதானே இப்போது வேண்டும்! "நீயும் கொஞ்சம் பாரேன்" என்று நாக்கு அக்கா கரண்டியை நீட்டினாள். ஓரகத்திக்குத் தலைகால் புரியவில்லை. அவள் புருவம் சுருங்கினால் உப்பு தூக்கல், உதடு சுழித்தால் புளிப்பு, முகம் சும்மா இருந்தால் சரி. இப்படியே மாதங்கள் ஓடின.

ஒருநாள் நகரத்திலிருந்து கடை முதலாளி போன் செய்தார். "ஒரு பெட்டி கரிக்குது, ஒரு பெட்டி சப்புன்னு இருக்கு. என்னம்மா நடக்குது அங்கே? நேர்ல வந்து பார்த்துட்டுத்தான் ஆர்டரைத் தொடரலாமா வேண்டாமான்னு சொல்வேன்."

அதன்பிறகு அவளுக்கு ஏது தூக்கம்? முதலாளி வந்தார். வந்தவர் சும்மா வரவில்லை, ஒரு கட்டு மாஸ்க்கோடும் தலைத்தொப்பியோடும் வந்தார். "இனிமே இதெல்லாம் போடாம யாரும் அண்டா பக்கம் நிக்கக்கூடாது."

நாக்கு அக்காவுக்குப் பகீரென்றது. திரும்பிப் பார்த்தாள். ஓரகத்தியின் முகத்தில் பாதிக்குமேல் நீலத் துணி.

"எங்கே, ருசி பார்த்துச் சொல்லுங்க" என்றார் முதலாளி.

மாஸ்க்கைத் தூக்கி ஒரு சொட்டு வைத்தாள். சூடு தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. கரண்டியை நீட்டினாள். ஓரகத்தியும் ஓரமாகத் திரும்பி, மாஸ்க்குக்கு அடியில் வைத்துக்கொண்டாள். இவள் அந்தக் கண்களையே பார்த்தாள். அந்தக் கண்கள் இவளையே பார்த்தன. புருவம் தொப்பிக்குள் இருந்தது, உதடு துணிக்குள் இருந்தது. வாசலில் மகன் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தான். "சரி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த நிமிஷம் தப்பிக்கலாம்.

சொல்ல முடியவில்லை. மாஸ்க்கைக் கழற்றினாள். "சார், எனக்கு ருசி போயிடுச்சு. காய்ச்சல் வந்ததிலிருந்தே இல்ல. இவ மூஞ்சியைப் பார்த்துத்தான் இத்தனை நாளா சொல்லிட்டிருந்தேன்."

முதலில் வாய் திறந்தவள் ஓரகத்தி.

"அக்கா! என்ன சொல்றீங்க? என் சமையலையே மாட்டுக்குன்னீங்க, எனக்கென்ன ருசி தெரியும்னு நான்தான் உங்க மூஞ்சியைப் பார்த்துட்டிருந்தேன்! நீங்க பயந்தாப்ல பார்த்தா நான் புருவத்தைச் சுருக்குவேன்..."

அப்படியென்றால் இத்தனை மாதமும் சாஸை ருசி பார்த்தது யார்? ஒருத்தரும் இல்லை! நாக்கு அக்கா பக்கத்திலிருந்த தக்காளிக் கூடைமேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சரிம்மா, இப்ப இதுல என்ன இருக்கு?" முதலாளி ஓரகத்தியைக் கேட்டார்.

அவள் நாக்கு அக்காவைப் பார்த்தாள். "என்னைப் பார்க்காதேடி" என்றாள் இவள். "அன்னைக்கு உன் சமையல் நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் பொறாமை."

ஓரகத்தி கண்ணை இறுக மூடிக்கொண்டு இன்னொரு சொட்டு வைத்தாள். "இதுல உப்பே இல்ல."

பதற்றத்தில் உப்பு போட வேண்டியவள் மறந்தே போயிருக்கிறாள். முதலாளி நெற்றியைத் தேய்த்தார். "இந்த மாசம் பாதி ஆர்டர்தான். அதுவும் ஒரே ருசியா வந்தா மீதியைப் பார்க்கலாம்."

உப்பு விழுந்தது. ஓரகத்தி திரும்பவும் ருசி பார்த்துவிட்டு நாக்கு அக்கா பக்கத்தில் வந்து குந்தினாள்.

"முதல்ல புளிப்பு வருதுக்கா, சுருக்குன்னு. அப்புறம் இனிப்பு, அவசரமே இல்லாம. பூண்டு கடைசியில தொண்டைகிட்ட நிக்குது. உப்பு தனியாத் தெரியல, உள்ளே இருக்கு."

நாக்கு அக்கா கண்ணை மூடிக் கேட்டாள். காய்ச்சலுக்குப் பிறகு முதல் தடவையாக அவள் வாயில் எச்சில் ஊறியது.

"இறக்கலாமாடி?" என்று கேட்டாள்.

"ம், இறக்குங்க" என்றாள் ஓரகத்தி.