ஒட்டிவைத்த இதழ்கள்

முதுகலை படிக்கும்போது தாவரம் சேகரிக்கக் கொடைக்கானலுக்குப் போனோம். புல்சரிவில் ஒரு செடி. பொத்தான் பொத்தானாக மஞ்சள் பூ. சூரியகாந்திக் குடும்பம்தான், ஆனால் சுற்றிலும் ஓர் இதழ்கூட இல்லை. விரியாத மொட்டைப் பிளேடால் நெடுக்காக அறுத்துப் பார்த்தேன். உள்ளேயும் இல்லை. இதழே இல்லாத கைனூரா இனம் என்று எழுதி, செய்தித்தாளில் வைத்து அழுத்தித் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தேன்.

காய்ந்த செடியை ஒட்டிய ஷீட்டை எங்கள் பேராசிரியர் தூக்கிப் பார்த்த உடனேயே, "இது செனீசியோ. இதழெல்லாம் உதிர்ந்துபோச்சு. இப்படியாம்மா அழுத்துவாங்க?" என்றார்.

"மொட்டுலயும் இல்ல சார். எங்க வயல்ல அறுப்பு முடிஞ்சா கொட்டைக்கரந்தை மண்டிக் கெடக்கும். அதுவும் இதே குடும்பம்தான். அதுக்கு எங்க சார் இதழ் இருக்கு?"

"வயக்காட்டுக் களைய வச்சு எனக்குப் பாடம் எடுக்காதம்மா. நாளைக்கு நல்ல ஷீட்டோட வரலன்னா பிராக்டிக்கலுக்கே வராத."

வகுப்பே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அறுத்த மொட்டை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு அவரை முறைத்துப் பார்த்தேன். மனிதர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையத் தோன்றுகிறது. வாய்க்கால் கரையில் மஞ்சள் கரிசலாங்கண்ணிப் பூவைப் பறித்து, இதழ்களைப் பிய்த்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காயவைத்து, ஒவ்வொரு பொத்தானையும் சுற்றி மைதாப் பசையால் ஒட்டினேன். பெயரையும் செனீசியோ என்று மாற்றினேன். மறுநாள் அவர், "பாத்தியா, ஒழுங்கா தேடுனா கிடைக்குதுல்ல" என்றார். கைக்கெட்டும் தூரத்தில் லென்ஸ் இருந்தது. அதை எடுக்கவே இல்லை.

இப்போது அதே கல்லூரியில் நான் பாடம் எடுக்கிறேன். அவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார், ஷீட் மட்டும் போகவில்லை. வருஷாவருஷம் பிள்ளைகள் அதைப் பார்த்துப் படம் வரைகிறார்கள். நானும் வெட்கமே இல்லாமல் அதற்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

போன வாரம் ஒரு மாணவி அந்த ஷீட்டோடும் லென்ஸோடும் வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"மேடம், இதழெல்லாம் பசை போட்டு ஒட்டியிருக்கு. இது செனீசியோவே இல்ல. எந்த முட்டாள் மேடம் இந்த வேலையப் பாத்தது?"

பழைய சார்மேல் பழியைப் போடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. சேகரித்தவர் என்ற இடத்தில் வெறும் பதிவு எண்தான் இருந்தது. யாருடையது என்று அவளுக்குத் தெரியாது.

"நான்தான்" என்றேன். "ஊசி எடுத்துட்டு வா, பிரிக்கலாம்."

அவள் நகரவில்லை. அன்று சாரை நான் பார்த்த அதே பார்வையால் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.