கருடனைப் பழக்கிய பத்து நாள்

தேக்கா சந்தையில் ஆட்டுக்கறி வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் எனக்குக் கருடன் சாமி இல்லை, வாடிக்கையாளர். தினமும் வரும், பேரம் பேசாது, கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு போய்விடும். வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு, கொக்கி மாதிரி அலகு. படத்தில் கைகூப்பி நிற்கிற கருடனைக் கும்பிடுகிறவர்கள், அது குடலைக் கிழிப்பதைப் பார்த்தால் நம்பமாட்டார்கள்.

கண் என்றால் அதுதான் கண். அவ்வளவு உயரத்திலிருந்து கால்வாய்த் தண்ணீரில் மிதக்கும் விரல் நீளக் குடல் அதற்குத் தெரியும். உட்காராது. காலை மட்டும் நீட்டி அள்ளிக்கொண்டு, பறந்தபடியே தலையைத் தாழ்த்தித் தின்னும். விடியற்காலையில் வராது. வெயில் ஏறித் தகரக் கூரைகள் சூடான பிறகுதான் சிறகை அசைக்காமல் மேலே எழும்பும். ஓர் இடத்தில் தீனி கண்டுவிட்டால் மறுநாளும் அதே நேரத்துக்கு அங்கே வரும். தீனி இல்லையென்றால் உடனே போகாது, வட்டம் போட்டுத் தேடும். இந்தக் கடைசிக் குணத்தைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன். பாவி.

எங்களுக்கு ஒரே மகள். அப்போது ஆறு வயது. அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். பிறகு இரண்டு வாரம் ஒன்றுமே நடக்காதது போல் ஓடி ஆடுவாள். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, குடல்வால் கெட்டிருக்கிறது, வெடிப்பதற்குள் ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும் என்றார்கள். என் மனைவி கல்லாக நின்றாள். அவளுடைய தங்கை ஆபரேஷனுக்குப் போய் உயிரோடு திரும்பாதவள்.

“எம் பிள்ளை மேல கத்தி வைக்க விடமாட்டேன்” என்றாள்.

சம்மதக் கையெழுத்தை நானே போட்டிருக்கலாம். அவளை மீறிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக எனக்குத் தெம்பில்லை.

அந்தச் சமயம் சிராங்கூன் சாலையில் நாங்கள் போகிற கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. கோபுரக் கலசத்தின் மேல் நீர் ஊற்றும் நேரத்தில் வானத்தில் கருடன் வட்டமிட வேண்டும் என்பது நம்மவர்களுக்குத் தெரிந்ததுதான். “அன்னிக்குக் கருடன் வரட்டுங்க. வந்தா எனக்குத் தைரியம் வந்துரும்” என்றாள் மனைவி. தைரியம் என்றால் ஆபரேஷனுக்குத் தைரியம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கோயிலுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி ஒரு கால்வாய். பத்து நாள், கலச நீர் ஊற்றக் குறித்திருந்த அதே நேரத்துக்கு, காலை ஒன்பதரைக்கு, ஓலைப்பெட்டியில் குடலும் கழிவும் எடுத்துப்போய் அதில் வீசினேன். மகளும் கூட வருவாள். முதல் நாள் ஒன்று வந்தது. கடைசியில் மூன்று. “அப்பா, இவன் நேத்து வந்தவன்தானே?” என்று கேட்பாள். அவை கால் நீட்டி அள்ளும்போது கைதட்டுவாள். வயிற்று வலி இல்லாத நாட்கள் அவை. நான் சந்தோஷமாக இருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கும்பாபிஷேகத்தன்று நான் ஒன்றும் போடவில்லை. குளித்து, விபூதி பூசி, ஆண்கள் கூட்டத்தில் நின்றேன். மகள் தாயோடு பெண்கள் பக்கம் இருந்தாள். ஒன்பதரைக்கு மூன்று கருடன்களும் வந்தன. கால்வாயில் தீனியைக் காணாமல் கோபுரத்துக்கு மேல் வட்டம் போட்டன, ஒரு தடவை, இரண்டு தடவை, இன்னும் இன்னும். கூட்டம் அலறியது. பக்கத்தில் ஒருவர் தேம்பித் தேம்பி அழுதார். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. என்ன வெட்கக்கேடு பாருங்கள்!

கூட்டம் கலைந்தபின் மகளைத் தோளில் தூக்கினேன். விசும்பிக்கொண்டிருந்தாள். நெரிசலில் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பாயசம் வைத்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு. “கருடனே வந்துட்டாருங்க. இனி கத்தி எதுக்கு? பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது” என்றாள்.

‘அடியே, அது தீனி தேடி வந்தது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. கோயிலுக்குப் பக்கத்தில் குடல் வீசியவன் என்று தெரு முழுக்கக் காறித் துப்பும் என்ற பயமும் இருந்தது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பதினைந்து நாள் ஓட்டினேன்.

பதினாறாவது நாள் காலையில் மகள் சுருண்டாள். இந்த முறை நிமிரவில்லை. குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ் பரவிவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் போய்விட்டாள். அதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

அறுபதுகளின் கடைசியில் தோ பாயோவில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் எங்களுக்கு ஏழாம் மாடியில் வீடு கிடைத்தது. ஒரு நாள் காலை தாழ்வாரத்தில் இருவரும் நின்றிருந்தோம். எங்களுக்குக் கீழே ஒரு கருடன் மிதந்து போனது. அதன் செம்முதுகை மேலிருந்து பார்த்தது அன்றுதான். மனைவியின் கை கன்னத்தில் போட்டுக்கொள்ள எழும்பி, பாதியில் நின்றது.

எனக்குத் தாங்கவில்லை. “அன்னிக்கு வந்த கருடனை நான்தான்...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும்” என்றாள்.

“யாரு சொன்னா?”

“பாப்பாதான். கோயில்லயே. ஊரே கைகூப்பி நிக்குது, இவ சத்தமா, ‘அம்மா, இது எங்க கருடன். நானும் அப்பாவும் தினம் குடல் போடுவோம்லா’ங்கிறா. நம்ப மனசு வரல, வாயிலயே ஒண்ணு வச்சேன். அப்புறம் அதப் பத்தி அவ வாயே தொறக்கல.”

நான் பதினைந்து நாள் முழுங்கிய உண்மையை ஆறு வயதுக்காரி அன்றே சொல்லியிருக்கிறாள். தோளில் விசும்பியவளிடம் ஏனம்மா என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.