புகைதின்னிகளுக்கு ஓர் அடியாள்

கீழ்வேளூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கர் வயல் வைத்திருக்கும் இளையபெருமாள், ஐம்பத்திரண்டு வயதுக்குள் பதினோரு பல்லைப் பெயர்த்தவர். எல்லாம் அடுத்தவர் பல். பொழுதுபோக்காக அல்ல, தண்ணீர்ப் பங்கு, வரப்பு, ஊர் நலன் என்று ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு நியாயம் உண்டு. நிலத்தடி வாயு எடுக்க அளவு பார்க்க வந்த வண்டியின் கண்ணாடியை முதலில் உடைத்ததும் அவர்தான். அதற்கு வாங்கிய லத்தியடித் தழும்பைக் கேட்டால் சட்டையைத் தூக்கிக் காட்டுவார். கேட்காவிட்டாலும் காட்டுவார்.

அவரை வீழ்த்திய எதிரி ஒருவன்தான். ஏழு வருஷத்துக்கு முன் ஒரு மழைநாளில், தம்பி இனியவன் மோட்டார் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு டீசல் இன்ஜினை ஓட்டினான். கதவைப் பெயர்த்து இழுத்தபோது செத்திருந்தான். "இன்ஜின் புகையில இருந்த கார்பன் மோனாக்சைடு. வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது," என்றார் டாக்டர். இளையபெருமாள் கடப்பாரை எடுத்து இன்ஜினைத் துண்டு துண்டாக உடைத்தார். ஆத்திரம் தீரவில்லை. கொன்றவனுக்குப் பிடித்து உலுக்கச் சட்டைக் காலர் இல்லை.

போன மாசி மாதம், அறுவடை முடிந்த வயலுக்கு மண் எடுக்க வந்தாள் ஆராய்ச்சி மாணவி செம்மொழி. "ஐயா, கார்பன் மோனாக்சைடைத் தின்னுற பாக்டீரியா உங்க மண்ணுல இருக்கு."

"எத்தனை பேரு?"

"ஒரு கரண்டி மண்ணுலயே ஆயிரக்கணக்குல."

"அவங்களுக்கு என்ன வேணும், சொல்லும்மா."

ஒரு பிளாஸ்டிக் பெட்டியை வயலில் கவிழ்த்து, விளிம்பைச் சேற்றால் அடைத்து, சின்ன சிலிண்டரிலிருந்து கொஞ்சம் வாயுவை உள்ளே விட்டாள். பெட்டியோடு பொருத்திய மீட்டர் நூறு காட்டியது. இரண்டு நாள் பெட்டி அசையக்கூடாது. அசைந்தால், வாயுவைத் தின்றார்களா, அது தப்பி ஓடியதா என்று சொல்ல முடியாது.

"நான் இருக்கேன். போயிட்டு வா பாப்பா."

டெல்டாவில் வயல் நடுவே சிலிண்டரைக் கண்டால் ஊர் என்ன செய்யும் என்பதை, அந்த ஊருக்கே சொல்லிக் கொடுத்தவர் அறிந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் காலையில், செம்மொழி வருவதற்குள், வாயு எதிர்ப்புப் போராட்டத்தில் கூட நின்று அடிபட்ட நண்பர் துரைராசு, ஏழு பேரோடும் மண்வெட்டி, கம்புகளோடும் வந்தார்.

"டேய் பெருமாளு, காஸ் எடுக்க வயலைக் குடுத்துட்டியா?"

"எடுக்கலடா. உள்ள விட்டிருக்கோம்."

உண்மை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இது சான்று.

"நஞ்சை வயல்ல விடுறியா? என்ன காஸு?"

"இனியவனைக் கொன்னது."

துரைராசு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "தம்பியைக் கொன்னவனையே கூட்டியாந்து குடி வெச்சிருக்கான். பைத்தியம் முத்திப்போச்சு, உடைங்கடா!"

இளையபெருமாளின் நெற்றி துரைராசுவின் மூக்கில் இறங்கியது. கரும்பு முறிகிற சத்தம். அடுத்தவனுக்கு ஒரு பல் போனது; இளையபெருமாள் கணக்கில் பன்னிரண்டாவது. அதற்குள் ஒருவன் பெட்டியை உதைக்கக் காலைத் தூக்கினான்.

அடிக்க இரண்டு கை வேண்டும். பெட்டியை அமுக்கிப் பிடிக்கவும் இரண்டு கை வேண்டும். இளையபெருமாள் பெட்டிமேல் கவிழ்ந்தார். கம்புகள் முதுகில் விழுந்தன. காது கிழிந்தது. விலா ஒன்று உடைந்தது. அவர் ஒரு அடிகூடத் திருப்பித் தரவில்லை. ஊர் வரலாற்றில் இல்லாத காட்சி இது. அடித்தவர்கள் ஒவ்வொருவராகக் கம்பைத் தாழ்த்தினார்கள்.

ஸ்கூட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்த செம்மொழி, அழுதுகொண்டே விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்த்தாள். சேறு விரிசல் விடவில்லை. மீட்டரைப் பார்த்தாள்.

"தின்னாங்களா?" வாயெல்லாம் ரத்தம் அவருக்கு.

"தின்னுட்டாங்க ஐயா. நூறு இருந்தது, இப்ப முப்பத்தொண்ணு."

துரைராசு மூக்கைத் துண்டால் பொத்தியபடி குனிந்தார். "இனியவனைக் கொன்னதையா? யாரு தின்னது?"

"இந்த மண்ணுல இருக்கிற உசுருங்கதான்," என்றாள்.

துரைராசு மண்வெட்டியை வரப்பில் வைத்துவிட்டு, இளையபெருமாளின் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார்.

"எந்திரிடா. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"ஆமாய்யா, பெட்டியை விடுங்க. கணக்கு எடுத்தாச்சு," என்றாள் செம்மொழி.

இளையபெருமாள் கையை எடுக்கவில்லை.

"முப்பத்தொண்ணு இன்னும் உசுரோட இருக்கே பாப்பா. அதையும் தின்னு முடிக்கட்டும்."